கிராக்கியும் தேவையும்: விலைவாசி ஏறும் காலத்தில் விமானம் யாருக்கு?

(கொழிஞ்சாம்பாறையில் நடந்த நமது சங்கத்தின் எல்லைப் பகுதிக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விலைவாசி ஏற்றமும் மந்த பயமும் விமானப் பயணத்தை என்ன செய்கின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தில் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டதும் ஒரு தோழர், “லயத்தில் குடியிருப்பவனுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

சம்பந்தம் மூன்று வகையில் இருக்கிறது. முதலாவது, நம் பிள்ளைகள் சிலர் கல்ஃப் நாடுகளில் இருக்கிறார்கள். மலப்புறத்தைப் போல வீட்டுக்கு ஒருவர் என்று சொல்ல முடியாது. ஆனால் போனவர்களின் வீடுகளில் அந்த ஒரு டிக்கெட்தான் வருடத்தின் மிகப் பெரிய செலவு. இரண்டாவது, மூணாறிலும் தேக்கடியிலும் ஜீப் ஓட்டுகிறவர்கள், விடுதி அறை பெருக்குகிறவர்கள், டீக்கடை வைத்திருப்பவர்கள் என நம்மவர்கள் ஏராளம். அவர்களுடைய அடுப்பு எரிவதும் எரியாததும் நெடும்பாசேரியில் இறங்குகிற விருந்தாளியைப் பொறுத்தது. மூன்றாவது, முதலமடை மாங்காய். இந்தியாவின் மற்ற இடங்களுக்கு முந்திக் காய்க்கிற அந்த மாங்காயில் ஒரு பங்கு விமானம் ஏறி வெளிநாடு போகிறது. அதைப் பறிக்கவும் தரம் பிரிக்கவும் பெட்டியில் அடுக்கவும் உழைக்கிற கைகளில் தமிழ்க் கைகள் எத்தனை என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, விமானத்தில் ஏறாதவனுக்கும் விமானத்தோடு கணக்கு இருக்கிறது.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்

பொருளாதாரப் புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்: தேவை. கடைவீதியில் அதற்குப் பெயர் கிராக்கி. விலை ஏறினால் தேவை குறையும், விலை இறங்கினால் தேவை கூடும் என்பது அவர்களுடைய விதி. அந்த விதி பொய் இல்லை. ஆனால் அவர்கள் தேவை என்று சொல்வது கையில் காசு வைத்திருப்பவனுடைய விருப்பத்தை. நம் வீட்டில் தேவை என்றால் அது வேறு. தாய்க்கு உடம்புக்கு முடியவில்லை, மகன் வந்தாக வேண்டும். தங்கைக்குக் கல்யாணம், அண்ணன் வந்தாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்து விசா தீர்ந்தது, அந்த நாட்டை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். விலை ஏறிவிட்டது என்று இந்தத் தேவையைக் குறைக்க முடியுமா?

உல்லாசப் பயணம் போகிறவர், இந்த வருடம் செலவு அதிகம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருந்துவிடுவார். அவருடைய தேவை ரப்பரைப் போல இழுபடும், சுருங்கும். தொழிலாளியின் தேவை அரிசியைப் போன்றது. விலை ஏறினால் குறைத்துக்கொள்ள முடியாது, கடன் வாங்கித்தான் சமாளிக்க முடியும். விலைவாசிச் சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று கேட்டால், நகர முடியாமல் நிற்கிறவன் தலையில்தான். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். மற்றவையெல்லாம் இதற்குச் சான்றுகள்.

விலைவாசி வேறு, வேலையிழப்பு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பணவீக்கம் என்பது ஒன்று, மந்தம் என்பது இன்னொன்று. பணவீக்கத்தில் கையில் உள்ள ரூபாயின் மதிப்பு தேய்கிறது. மந்தத்தில் அந்த ரூபாயே கைக்கு வருவதில்லை. இரண்டும் விமானத்தை ஒரே விதமாகப் பாதிப்பதில்லை.

2008ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 147 டாலர் வரை ஏறியது. இந்திய விமானக் கம்பெனிகளுக்கு எரிபொருள்தான் மிகப் பெரிய செலவு. மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும். டிக்கெட் விலை ஏறியது. உள்நாட்டு விமானப் பயணிகளின் எண்ணிக்கை அந்த வருடம் முந்தைய வருடத்தைவிடக் குறைந்தது. செப்டம்பர் 15ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. உலகமே நடுங்கியது. டிசம்பருக்குள் அதே எண்ணெய் 40 டாலருக்கும் கீழே விழுந்துவிட்டது.

எண்ணெய் மலிந்தது, விமானம் நிறைந்திருக்க வேண்டும் அல்லவா? நிறையவில்லை. அடுத்த வருடம், 2009இல், உலக விமானப் பயணம் 3.5 சதவீதம் சரிந்தது. விமானச் சரக்கு 10.1 சதவீதம் சரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதுவரை காணாத சரிவு அது என்று உலக விமானக் கம்பெனிகளின் சங்கமே சொன்னது. எண்ணெய் மலிவாக இருந்தும், ஏறுவதற்கு ஆளில்லை. ஏனென்றால் வேலை போயிருந்தது, வேலை இருந்தவனுக்கும் நாளை இருக்குமா என்ற பயம் இருந்தது.

இப்போது 2022ஆம் ஆண்டைப் பாருங்கள். ரஷ்யா பிப்ரவரியில் உக்ரைன்மீது படையெடுத்தது. எண்ணெய் மீண்டும் 100 டாலரைத் தாண்டியது. அமெரிக்காவில் ஜூன் மாதம் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது வருடங்களில் இல்லாத ஏற்றம். மந்தம் வரப்போகிறது, வரப்போகிறது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. விமான நிலையங்களிலோ கூட்டம் தாங்கவில்லை. கொரோனாவால் 2020இல் மூன்றில் இரண்டு பங்கு விழுந்துபோன உலக விமானப் பயணம், 2022இல் பழைய 2019 அளவில் ஏறத்தாழ 69 சதவீதத்துக்கு ஏறியது. 2024இல் 2019ஐயே தாண்டிவிட்டது. இரண்டு வருடம் வீட்டில் அடைபட்டுக் கிடந்த ஆசை ஒரு காரணம். வேலை கையில் இருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலைவாசி ஏறுவதால் மட்டும் விமானம் காலியாவதில்லை. வேலை போகும்போதுதான் காலியாகிறது. விலைவாசி செய்வது வேறு வேலை. யார் பறக்கலாம், யார் கடன்பட்டுப் பறக்க வேண்டும் என்று ஆட்களைப் பிரித்து வைக்கிறது.

கல்ஃப் கணக்கு

1973ஆம் ஆண்டு அக்டோபரில் மத்தியக் கிழக்கில் போர் மூண்டது. அதற்கு முன் பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய், 1974 தொடக்கத்தில் 11 டாலருக்கு மேல் போனது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மந்தம். ஆனால் எண்ணெய்க் காசு குவிந்த அரபு நாடுகளில் சாலையும் துறைமுகமும் கட்டிடமும் எழுந்தன. கேரளத்துத் தொழிலாளி அங்கே போனது அந்தக் காசின் பின்னால்தான். அன்று ரயிலேறி பம்பாய் போய், அங்கிருந்துதான் கடல் தாண்ட வேண்டும். கோழிக்கோட்டில் விமான நிலையம் வந்தது 1988இல். நெடும்பாசேரி திறந்தது 1999இல். வளைகுடாத் தொழிலாளிக்கென்றே மலிவுக் கட்டணம் என்று சொல்லி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேரளத்திலிருந்து பறக்கத் தொடங்கியது 2005 ஏப்ரலில்.

ஆக, எண்ணெய் விலை ஏறினால் நமக்கு இரண்டு முனையிலும் கயிறு இழுபடுகிறது. அரபு நாட்டில் வேலை கூடுகிறது. டிக்கெட் விலையும் கூடுகிறது. எண்ணெய் விலை விழுந்தால் டிக்கெட் மலியலாம். ஆனால் அங்கே வேலையும் சேர்ந்து விழுகிறது. மலிவு டிக்கெட் கிடைக்கிற காலத்தில் அது ஒருவழி டிக்கெட்டாக இருந்துவிடுகிறது. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்டு என்ற அரசு நிறுவனம் கடனைத் திருப்பித் தர அவகாசம் கேட்டபோது, கட்டிட வேலைகள் பல பாதியில் நின்றன. திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை பயந்த அளவுக்கு இல்லை என்று பின்னால் ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் வந்தவன் வீட்டில் அது முழு மந்தம்.

பயம் செய்கிற வேலை இன்னொன்று உண்டு. ஆள்குறைப்பு வரப்போகிறது என்று முகாமில் பேச்சு கிளம்பிவிட்டால், ஊருக்கு வர நினைத்தவன் லீவு கேட்கத் தயங்குவான். “போனால் திரும்பக் கூப்பிடுவார்களா?” என்ற ஒரே கேள்விதான். மனைவி காத்திருக்கிறாள், குழந்தை அப்பாவைப் போனில்தான் பார்த்திருக்கிறது, இருந்தும் அவன் வரமாட்டான். புள்ளிவிவரத்தில் இது பயணத் தேவை குறைந்தது என்று பதிவாகும். தேவை குறையவில்லை, தோழர்களே. அது தொண்டையில் நின்றுவிட்டது.

ரூபாய் மதிப்பு இறங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமீரகத்தின் திர்ஹம், டாலரோடு கட்டிப் போடப்பட்டது. ஒரு டாலருக்கு 3.67 திர்ஹம். 2008 தொடக்கத்தில் ஒரு திர்ஹம் அனுப்பினால் 11 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. 2022 இறுதியில் 22 ரூபாய்க்கு மேல் வந்தது. லாபம்தானே என்று தோன்றும். ஆனால் விமானத்தின் வாடகை, எரிபொருள், உதிரிப் பாகம் எல்லாம் டாலரில் கணக்கு. ரூபாய் விழுந்தால் இங்கே வாங்குகிற டிக்கெட்டும் ஏறுகிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்த ரூபாயையோ இங்கே விலைவாசி தின்கிறது. 2025 செப்டம்பரில் நாடு முழுவதற்குமான சில்லறைப் பணவீக்கம் 1.54 சதவீதம் என்று அரசுக் கணக்கு சொன்னது. அதே மாதம் கேரளத்தில் அது 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, மாநிலங்களில் முதலிடம். தேங்காய் எண்ணெய் விலையைக் கேட்டவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

ஒரே விமானம், பத்து விலை

டிக்கெட் விலை எப்படி வைக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ்ஸைப் போல ஒரே கட்டணம் அங்கே கிடையாது. ஒரு விமானத்தின் இருக்கைகளைப் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவுக் கட்டு முதலில் தீரும். ஆட்கள் சேரச் சேர அடுத்த கட்டு திறக்கும். கடைசி வாரத்தில் வருகிறவன் கையில் கிடைப்பது உச்சக் கட்டுதான். ஓணம், பெருநாள், கிறிஸ்துமஸ், வளைகுடாப் பள்ளிக்கூட விடுமுறை என்று எல்லோரும் ஒன்றாகப் புறப்படுகிற காலத்தில், சாதாரண நாள் கட்டணம் பல மடங்காவது இதனால்தான்.

தாய் இறந்தாள் என்று செய்தி கேட்டவன் மூன்று மாதம் முன்னே எப்படி டிக்கெட் போடுவான்? சாவுச் சேதி கேட்டவனும் கடைசி நேரத்தில் கிளம்புகிற வியாபாரியும் அந்தக் கணக்கில் ஒரே ஆள். வியாபாரியின் டிக்கெட்டுக்கு அவன் கம்பெனி பணம் கட்டும். இவனுக்கு யார் கட்டுவது?

இருக்கைகளின் எண்ணிக்கையும் வானத்திலிருந்து விழுவதில்லை. இரண்டு நாட்டு அரசுகள் ஒப்பந்தம் போட்டு வாரத்துக்கு இத்தனை என்று நிர்ணயிக்கின்றன. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 66,000 இருக்கை என்று 2014இல் ஏற்பட்ட அளவு, பத்து வருடம் கழிந்து 2024இலும் உயராமலே இருந்தது. போகிறவர்கள் கூடினார்கள், இருக்கை கூடவில்லை. இந்திய விமானக் கம்பெனிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது டில்லி சொல்லும் நியாயம். காப்பாற்றுவதற்கான செலவு யாருடைய பையிலிருந்து போகிறது என்று நாம் கேட்கக் கூடாதா?

மலை மேலே என்ன நடக்கிறது

இனி மூணாறு, தேக்கடித் தோழர்களுக்காக ஒரு கணக்கு. 2008இல் கேரளத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 5.99 லட்சம். மந்த வருடமான 2009இல் 5.57 லட்சம். ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. அதே 2009இல் உள்நாட்டுப் பயணிகளோ 75.9 லட்சத்திலிருந்து 79.1 லட்சமாகக் கூடினார்கள். தூரப் பயணத்தை விட்டவன் பக்கத்துப் பயணத்துக்கு வருகிறான். விமானத்தில் வருகிற விருந்தாளி குறைந்தால், காரிலும் வேனிலும் வருகிறவன் கூடுகிறான்.

கூட்டம் கூடியது, வருமானமும் கூடியிருக்குமே என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. வெளிநாட்டவர் பல நாள் தங்குவார், ஜீப் எடுப்பார், ஏலக்காயும் தைலமும் வாங்குவார். காலையில் வந்து மாலையில் மலையிறங்குகிற குடும்பம் சோற்றையும் கட்டிக்கொண்டு வரும். அவர்களும் நம்மைப் போல விலைவாசியில் அடிபட்டவர்கள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மந்த பயம் வந்தவுடன் நிரந்தர ஆளை நிறுத்திவிட்டு நாள்கூலி ஆளை வைத்துக்கொள்ள விடுதி முதலாளிக்கு அது ஒரு சாக்காகிவிடும். வருகிற ஆளின் எண்ணிக்கையைக் காட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களிடம், எந்த ஆள், எத்தனை நாள் என்று கேளுங்கள்.

கொரோனா வருடங்களில் வந்த அடி இதைவிடப் பெரியது. 2019இல் 11.9 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2021இல் 60,000 சொச்சமாகக் குறைந்தார்கள். 2024இலும் 7.38 லட்சம்தான், பழைய அளவு திரும்பவில்லை. உலகம் முழுவதும் விமானம் நிறைந்துவிட்டது என்று முன்னே சொன்னேன். நம் மலைக்கு வர வேண்டிய வெளிநாட்டு விருந்தாளி அந்த அளவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மாங்காய்க்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறியும் பழமும் பெரும்பாலும் தனிச் சரக்கு விமானத்தில் போவதில்லை. பயணி விமானத்தின் வயிற்றில்தான் போகின்றன. பயணிகள் குறைந்து விமானத்தை ரத்து செய்தால் பெட்டிக்கும் இடம் குறையும், சரக்குக் கூலி ஏறும். ஏற்றுமதிக்காரன் அதை வியாபாரியிடம் கழிப்பான், வியாபாரி குத்தகைக்காரனிடம், அவன் பறிப்புக் கூலியில். மேலே ஆரம்பித்தது கீழே வந்து முடியும்.

பழைய முன்பணம், புதிய டிக்கெட்

தாய்மார்களே, நம் முன்னோர்கள் இந்த மலைக்கு விமானத்தில் வரவில்லை, ரயிலிலும் வரவில்லை. போடி, கம்பம் வழியாகக் கால்நடையாக ஏறி வந்தார்கள். டிக்கெட் இல்லை. ஆனால் கங்காணி கொடுத்த முன்பணம் இருந்தது. அந்த முன்பணம்தான் அவர்களை லயத்தோடு கட்டிப் போட்டது. உழைத்தார்கள், கடன் தீரவில்லை. கடன் தீராததால் போக முடியவில்லை.

இன்று விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வட்டிக்கு வாங்குகிற கடனைப் பாருங்கள். பெயர் மாறியிருக்கிறது. வேறென்ன மாறியிருக்கிறது? 2015 செப்டம்பரில் மூணாறில் நம் பெண் தொழிலாளர்கள் பொம்பிளை ஒருமை என்று ஒன்றுதிரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்ட நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாயிற்று. பண்டிகைக்கால டிக்கெட் ஒன்று 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய 301 ரூபாய்க் கணக்கில் அது ஒரு தாயின் நூறு நாள் கொழுந்து. மகன் ஒருமுறை வந்து போக அவள் நூறு நாள் மழையில் நிற்க வேண்டும். சந்தை இதைத்தான் கிராக்கி வலுவாக இருக்கிறது என்று எழுதும்.

செய்ய வேண்டியவை

பேசிவிட்டுப் போவதற்காக நாம் கூடவில்லை. வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது, அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது.

வீட்டில்: ஒன்று, ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, வேலை முடிந்து ஊர் திரும்பும் செலவு முதலாளியுடையது. தொழிலாளி வேறு முதலாளியிடம் சேர்ந்தாலோ, அவர் தவறால் வேலை முறிந்தாலோ மட்டும் விலக்கு. இது தெரியாமல் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் உண்டு.

இரண்டு, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போகும்போது பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். 2017இல் திருத்திய திட்டப்படி இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்து மரணத்துக்கு 10 லட்சம். உடல்நிலையாலோ, தன் தவறின்றி இடையில் வேலை போனாலோ ஊர் திரும்பும் விமானக் கட்டணமும் அதில் கேட்கலாம். ஏஜெண்ட் கட்டினானா என்று பாருங்கள்; பாலிசித் தாளின் நகல் வீட்டில் இருக்கட்டும்.

மூன்று, டிக்கெட்டுக்கென்று மாதம் ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். அவசரத்துக்கு மீட்டர் வட்டிக்காரனிடம் போவதைவிட, பத்துக் குடும்பம் சேர்ந்து சங்கத்தின் மூலம் ஒரு சேமிப்பு வைப்பது மேல். மரணச் சேதி வந்த வீட்டுக்கு அதிலிருந்து முதலில் கொடுக்கலாம். கோயமுத்தூர், கொச்சி, மதுரை மூன்றின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எல்லையில் குடியிருப்பதில் நமக்கு உள்ள ஒரே லாபம் அது.

அரசிடம்: 1994இல் விமானத் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, கட்டணம் எங்கள் கையில் இல்லை என்று மத்திய அரசு சொல்லிக்கொண்டே வந்தது. ஆனால் 2020 மே மாதம் முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டு விமானங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாகிக் கட்டணம் எகிறியபோதும் உடனே உச்சவரம்பு வைத்தது. ஆகவே முடியாது என்பதில்லை. உள்நாட்டுப் பயணிக்கு வைத்த வரம்பை, பண்டிகைக் காலத்தில் வளைகுடாத் தொழிலாளிக்கும் ஏன் வைக்கக் கூடாது? கேரள அரசும் 2023ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பயணத்துக்கு வாடகை விமானம் அமர்த்த 15 கோடி ரூபாய் மூலநிதி அறிவித்தது. அப்படிப்பட்ட விமானத்தில் வீட்டில் தமிழ் பேசுகிற கேரளத்துத் தொழிலாளிக்கும் இடம் உண்டா, எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று நம் மொழியிலும் எழுதி ஒட்டும்படி கேட்போம்.

அருமைத் தோழர்களே! விலைவாசி ஏறும், இறங்கும். மந்தம் வரும், போகும். அப்போதெல்லாம் வானத்தில் எத்தனை விமானம் பறக்கிறது என்று கணக்கெடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதில் உட்கார்ந்திருப்பவன் விருப்பத்தால் வந்தானா, கடன்பட்டு வந்தானா என்ற கணக்கை எடுக்க யாரும் இல்லை. அந்தக் கணக்கை நாம் எடுப்போம். அடுத்த மாதத்துக்குள் ஒவ்வொரு கிளையும், தன் பகுதியில் வெளிநாடு போன குடும்பங்கள் எத்தனை, டிக்கெட் கடன் எவ்வளவு, என்ன வட்டி, காப்பீடு இருக்கிறதா என்று எழுதி அனுப்பட்டும். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் பேசுவோம்.